செபமும் செவியும்

ஆண்டு மலர் என்றால் அதில் தேர்ச்சி விழுக்காடு இருக்கும். விளையாட்டு விழாக் கோப்பைகள் இருக்கும். நாடகம், பேச்சு, கோலம் எனப் போட்டிகளில் பரிசு பெற்றோரின் படங்கள் இருக்கும். இவை யாவும் நமக்குப் பெருமையே. ஆயினும் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாத ஒன்று மாணவியர் பலரின் உள்ளத்தில் உண்டு. அதுதான் கவலை. தேர்வு அச்சம், தந்தையின் குடி, வீட்டுச் சண்டை, தோழியின் பிரிவு, உடல் வளர்ச்சி பற்றிய கூச்சம், யாரிடமும் சொல்ல இயலாத துன்பம் என்று அது பல வடிவம் கொள்ளும். அந்தக் கவலையைக் கேட்பதற்கென்றே இன்று பல பள்ளிகளில் ஆலோசகர் ஒருவர் இருக்கின்றார். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அருட்சகோதரி ஒருவரோ வகுப்பாசிரியையோ அப்பணியைச் செய்கின்றார்.

அந்த அறைக்குள் கடவுளுக்கு இடம் உண்டா? உண்டென்றால் எவ்வளவு? அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு முதலில் செபமாலையைக் கொடுப்பதா, உட்கார நாற்காலியைக் கொடுப்பதா? கத்தோலிக்கப் பள்ளியாகிய நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. அன்றாடம் எழும் கேள்வி. இதைப் பற்றி என் கருத்தை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

சொல்லே காட்டும் வழி

கவுன்சிலிங் என்பதற்குத் திருச்சபை வட்டாரத்தில் வழங்கும் தமிழ்ச்சொல் ஆற்றுப்படுத்துதல் என்பதாகும். ஆறு என்றால் வழி. துன்புற்றவரை ஒரு வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்துதல். மேல்வகுப்பு மாணவியர் ஆற்றுப்படை நூல்களைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையால் வாடி எதிரே வரும் வேறொரு பாணனைக் கண்டு, இன்ன வழியாகப் போ, இன்னாரைச் சென்று காண் என்று சொல்லி அனுப்புவது அந்நூல்களின் அமைப்பு. அவ்வரிசையில் நக்கீரர் இயற்றிய திருமுருகாற்றுப்படை, அடியவரை இறைவனிடமே ஆற்றுப்படுத்துகின்றது. அதில் முதலாவதாக வரும் தலம் நம் மதுரைக்கு அருகிலுள்ள திருப்பரங்குன்றம். ஆகவே துன்புற்றோர்க்கு வழி காட்டுவதும், அவ்வழியில் இறைவனை எண்ணுவதும் நம் மண்ணுக்குப் புதியன அல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எதிரே வருபவனுடைய களைப்பையும் பசியையும் கண்டபிறகே பாணன் பேசுகின்றான். அவன் வழியைச் சொல்கின்றானே தவிர, கையைப் பிடித்து இழுத்துச் செல்வதில்லை. நடக்க வேண்டியவன் தன் காலால் நடக்கின்றான். ஆற்றுப்படுத்துவோர் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டிய இலக்கணம் இதுவே என்பது என் கருத்து.

இருவேறு பிழைகள்

இவ்வறையில் இரண்டு வகைப் பிழைகள் நேரக்கூடும். முதற்பிழை, வந்தவளுடைய சமய நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்கித் தள்ளுவது. உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் போற்றப்படும் பிராய்டு 1927-இல் எழுதிய நூலில், சமயத்தை ஒரு மாயை என்றே கூறினார். அவர் வழிவந்த பலரும் கடவுளைப் பற்றிய பேச்சை ஆலோசனை அறைக்கு வெளியே நிறுத்தினர். ஆனால் மதுரையிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வளர்ந்த பெண்ணிடம் அது நடக்குமா? இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு திருநீறும் வரும். தர்காவில் ஓதிய கயிறும் வரும். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சையும் வரும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளும், இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயமும், கோரிப்பாளையம் தர்காவும் அவளோடு பிறந்து வளர்ந்தவை. செருப்பைக் கழற்றுவதுபோல் நம்பிக்கையையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா என்றால், அவளில் பாதி வெளியிலேயே நின்றுவிடும்.

மருத்துவ உலகம் இன்று இதை உணர்ந்திருக்கின்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில், சமயம் பற்றியும் ஆன்மிகம் பற்றியும் எழும் மனப்போராட்டம் தனியாகக் குறிக்கப்பட்டது. அதை நோய் என்று கொள்ளாமல், உதவி தேடி வருவதற்குரிய ஒரு காரணம் என்று கொண்டனர். உலக மனநல மருத்துவர் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, நோயாளியின் சமய நம்பிக்கையைப் பற்றி மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்றது. அதே அறிக்கை, தம்முடைய நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ நோயாளியின்மேல் திணிக்கக் கூடாது என்றும் எச்சரித்தது.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. நம்மைப் போன்ற பள்ளிகளில் நேரக்கூடியது இதுவே. வந்தவள் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள், “நன்றாகச் செபி, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிடுவது. சொல்பவர் அன்போடுதான் சொல்கின்றார், ஐயமில்லை. ஆனால் கேட்பவளின் நிலையை எண்ணிப் பாருங்கள். பல இரவுகள் உறக்கமின்றிச் செபிக்க முயன்று, வாயில் சொல் வராமல் தவித்தவளாக அவள் இருக்கலாம். செபித்தால் சரியாகும் என்றால், சரியாகாதது என் செபம் குறைவாக இருப்பதாலா? கடவுளுக்கும் நான் வேண்டாதவளா? வரும்போது ஒரு சுமையோடு வந்தவள், போகும்போது இரண்டு சுமையோடு போகின்றாள்.

ஏர்வாடியும் முத்துசாமி கோவிலும்

நம்பிக்கை குணமாக்குமா, கெடுக்குமா என்று கேட்போர்க்கு நம் தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகள் உள்ளன.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு மனநோயுற்றோரை அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். இசுலாமியர் மட்டுமல்லாமல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே செல்வதுண்டு. தர்காவைச் சுற்றித் தனியார் பலர் இல்லங்கள் நடத்தி, நோயாளிகளைத் தங்க வைத்திருந்தனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய இல்லம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வகை இல்லங்கள் மூடப்பட்டன. மாண்டவர்களை அங்கே விட்டுச் சென்றவர்களில் பலர் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. சாமி குணமாக்கும் என்று நம்பி விட்டுச் சென்றவர்கள் அவர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர்களும் அவர்களுடன் சேர்ந்தோரும் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலுள்ள முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்தனர். அதன் முடிவு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் புகழ்பெற்ற இதழில் வெளிவந்தது. அங்கே மனநோய்க்கான மருந்து தரப்படவில்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை, சங்கிலியும் இல்லை. நோயுற்றோர் வீட்டார் ஒருவரோடு அங்கே தங்கி, காலை மாலை வழிபாட்டில் கலந்துகொண்டு, கோவிலைச் சுத்தம் செய்வது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள் செய்து வந்தனர். சராசரியாக ஆறு வாரம் தங்கியபின் அளந்து பார்த்தபோது, நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. தங்களை அச்சுறுத்தாத, ஏற்றுக்கொள்கின்ற சூழலே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இரண்டு இடங்களிலும் நம்பிக்கை இருந்தது. ஓரிடத்தில் அது மனிதரை மனிதராக நடத்தியது. மற்றோரிடத்தில் அதன் பெயரால் மனிதரைக் கட்டி வைத்தார்கள். இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயுற்றவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது எனத் தடுக்கின்றது. ஏர்வாடியிலும் தவா–துவா என்ற பெயரில், மருந்தும் வேண்டுதலும் ஒருசேரக் கிடைக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டு வந்தது. வேண்டுதலைக் கைவிடச் சொல்லாமல், மருந்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது அறிவுடைய செயல்.

இதைப் படித்துவிட்டு, இது பிற சமயத்தாரின் கதை என்று நாம் நினைத்துவிடலாகாது. புளியம்பட்டிப் புனித அந்தோணியார் திருத்தலத்துக்கு மனநோயுற்றோரை அழைத்துச் செல்வோரில் நம்மவரும் உண்டல்லவா? மேலும், இரும்புச் சங்கிலி ஒன்றுதான் சங்கிலியா? “உனக்கு விசுவாசம் போதாது”, “இது உன் பாவத்துக்குத் தண்டனை”, “சாத்தான் உன்னைப் பிடித்திருக்கிறான்” என்ற சொற்களும் ஓர் இளம்பெண்ணை இருந்த இடத்திலேயே கட்டிப்போடும். சட்டம் இச்சங்கிலிகளைக் காண இயலாது. நாம்தான் காண வேண்டும்.

திருச்சபையும் இவ்வகையில் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. மனமறிந்து தம்முயிரை மாய்த்துக்கொண்டோர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுக்கும் விதி 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விதி இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, கடுமையான மனக்கலக்கம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கலாகாது என்றும் போதிக்கின்றது. துன்பத்தில் இறந்தவர்க்கே இவ்வளவு இரக்கம் காட்ட வேண்டுமானால், துன்பத்தோடு நம்முன் உயிருடன் நிற்கும் சிறுமிக்கு எவ்வளவு காட்ட வேண்டும்!

எலியாவுக்குக் கிடைத்த அப்பம்

நல்ல ஆற்றுப்படுத்துநர் எப்படி இருப்பார் என்பதற்குத் திருவிவிலியத்திலேயே இலக்கணம் உண்டு. அரசர் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மாபெரும் இறைவாக்கினராகிய எலியா, அச்சத்தால் பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி இறைவனிடமே வேண்டுகின்றார். வானதூதர் வந்து அவரைக் கண்டித்தாரா? இல்லை. விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தாரா? அதுவும் இல்லை. தொட்டு எழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தார். எலியா உண்டு, மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் வானதூதர் அதையே செய்தார். உணவும் உறக்கமும் ஒரு துணையும் கிடைத்த பிறகுதான் எலியாவுக்கு நடக்கத் தெம்பு வந்தது. அதற்குப் பின்னரே இறைவனின் குரலையும் அவர் கேட்டார்.

யோபுவின் நண்பர்களையும் எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல ஆறுதலாளர்கள். வாயைத் திறந்து, நீ பாவம் செய்ததால்தான் இத்துன்பம் என்று வாதிடத் தொடங்கியதும் அவர்கள் சித்திரவதைக்காரர்கள் ஆயினர். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது யோபுவின் நண்பர்களையே.

தேநீர் கொடுத்தவர்கள்

அண்மைக் காலத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தில் சாட் வாரா என்றோர் ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். 1935-இல் இளங்குருவாக அவர் நடத்திய அடக்கச் சடங்கு ஒரு சிறுமிக்குரியது. அவள் வயதுக்கு வந்தபோது, அது என்னவென்று சொல்லித் தர ஒருவரும் இல்லாததால், ஏதோ கொடிய நோய் என்று அஞ்சித் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் சொல்லவும் ஓர் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். இந்த எண்ணம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

1953-இல் இலண்டனில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, மனமுடைந்தவர்கள் அழைக்கலாம் என்று அவர் அறிவித்தார். நேரிலும் பலர் வரத் தொடங்கினர். குருவானவரைக் காணக் காத்திருப்போர்க்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்கள் முன்வந்தனர். சில நாளில் ஒரு விந்தை புலப்பட்டது. தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், குருவானவரைக் காண வேண்டிய தேவையே இல்லாமல் அமைதியுடன் திரும்பிச் சென்றனர். காது கொடுத்துக் கேட்பதே பாதி மருந்து என்று கண்டுகொண்ட அவர், அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அழைப்பவரிடம் சமயம் போதிக்கலாகாது என்பது சமாரித்தன்ஸ் என்னும் அவ்வமைப்பின் உறுதியான நெறி. குருவானவர் ஒருவரே வகுத்த நெறி இது என்பதை நாம் மறக்கலாகாது. நம் தமிழ்நாட்டிலும் 1986-இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா, இவ்வாறு செவிகொடுக்கும் பணியைச் செய்து வருகின்றது.

நம் பள்ளிக்கு உரியவை

“கத்தோலிக்கப் பள்ளியில் கடவுளைப் பற்றிப் பேசாவிட்டால் வேறெங்கே பேசுவது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மறைக்கல்வி வகுப்பில் பேசுவோம், காலைக் கூட்டத்தில் பேசுவோம், சிற்றாலயத்தில் பேசுவோம். அங்கெல்லாம் கேட்பவளுக்குத் தன் மனத்துக்குள் ஏற்கவும் மறுக்கவும் இடம் உண்டு. ஆனால் ஆலோசனை அறையில் அழுதுகொண்டு அமர்ந்திருப்பவளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெம்பு இருப்பதில்லை. அந்த நேரத்தில் அவளுடைய நம்பிக்கையை நம் பக்கம் திருப்ப முனைவது, நீரில் தத்தளிப்பவளிடம் வாக்குறுதி கேட்பது போன்றது. சமயத்தில் கட்டாயத்துக்கு இடமில்லை என்றும், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்றும் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் வகுப்பறைகளில் மீனாட்சியும் பாத்திமாவும் மேரியும் ஒரே பெஞ்சில் அமர்கின்றார்கள். மூவர்க்கும் அந்த அறை ஒன்றுபோல் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் வேண்டுவன சில. முதலாவது, முதலில் கேளுங்கள். “துன்பம் வரும்போது உனக்கு எது தெம்பு தருகிறது? சாமி கும்பிடுவது உனக்கு ஆறுதலாக இருக்கிறதா, பாரமாக இருக்கிறதா?” என்ற இரண்டு கேள்விகள் போதும், அவளே வழியைத் திறப்பாள். இரண்டாவது, அவளாகக் கேட்டால் அவளோடு சேர்ந்து செபியுங்கள். கேட்காவிட்டால் அவள் போனபின் அவளுக்காகச் செபியுங்கள். அதைத் தடுப்பார் யாருமில்லை. மூன்றாவது, உறக்கமும் உணவும் பல நாள் கெட்டிருந்தாலோ, காதில் இல்லாத குரல் கேட்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கின்றது. 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் நம் நகரில் மனநலப் பணி ஆற்றுகின்றது.

நான்காவது, பாவசங்கீர்த்தனத்தையும் ஆலோசனையையும் ஒன்றாகக் குழப்பலாகாது. குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது எக்காரணத்தாலும் வெளிவராது. ஆலோசகரும் இரகசியம் காப்பார். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாரேனும் அவளிடம் தகாத முறையில் நடந்திருந்தாலோ, உரியவர்க்குத் தெரிவிக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைக் கடமையாக்கியிருக்கின்றது. அத்தகைய வேளையில் “மன்னித்துவிடு, செபித்துவிடு” என்று சொல்லி மூடிவிடுவது ஆன்மிகம் ஆகாது, அநீதிக்குத் துணைபோவதாகும். இவ்வேறுபாட்டை மாணவியர்க்கு முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பாண்டி கோவிலுக்குப் போங்கள், தர்காவுக்குப் போங்கள், வேளாங்கண்ணிக்கு நடந்தே போங்கள். உங்கள் நம்பிக்கையை யாரும் பழிக்கவில்லை. ஆனால் மருத்துவர் தந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மகள் மனம் சோர்ந்திருக்கிறாள் என்பதால் உங்கள் வளர்ப்போ பக்தியோ குறைந்துவிட்டது என்று எண்ணி மறைக்கவும் வேண்டாம். கண் வலித்தால் மருத்துவரிடம் போகின்றோம். மனம் வலித்தால் போகலாகாதா?

அன்பு மாணவியரே! செபிக்க முடியவில்லையே, கடவுள் தொலைவில் இருப்பதுபோல் இருக்கிறதே என்று உங்களில் யாரேனும் கலங்கினால், அன்னை தெரசாவை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லாண்டுகள் தம் உள்ளத்தில் இறைவனை உணர முடியாமல் இருளில் தவித்ததை அவர் தம் ஆன்ம குருக்களுக்கு எழுதியிருந்தார். அக்கடிதங்கள் 2007-இல் நூலாக வந்தபோது உலகம் வியந்தது. அந்த இருளிலும் கல்கத்தாத் தெருக்களில் அவர் பணி நிற்கவில்லை. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவரும் தம் இருளைத் தமக்குள்ளேயே பூட்டி வைக்காமல், நம்பிக்கைக்குரியவரிடம் சொன்னார். நீங்களும் சொல்லுங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், சிஸ்டரிடம் சொல்லுங்கள், டீச்சரிடம் சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் மற்றொருவரிடம் சொல்லுங்கள். நேரில் சொல்லத் தயக்கமானால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலும், சிறுவர்க்கான 1098 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

இறைவனிடம் நாம் செபிக்கும்போது, அவர் செவிசாய்க்கின்றார் என்று நம்புகின்றோம். இடைமறிக்காமல், சலிக்காமல், முழுவதையும் கேட்கும் அந்தப் பொறுமையை அவரிடமிருந்து நாமும் கற்றுக்கொள்வோமாக! அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு முதலில் நாற்காலியைக் கொடுப்போம், தண்ணீரைக் கொடுப்போம், செவியைக் கொடுப்போம். செபம் தனக்குரிய நேரத்தில் தானே வந்து சேரும்.